சொன்னான் என்றால் ஸெட்டா, டோல்டா, ஆஸ்க்டா?

"ஹி டோல்ட் தட் ஹி வுட் கம்." பெங்களூரு ஆபீஸில் இப்படிப் பேசினால் பக்கத்து சீட்காரர் திருத்த மாட்டார். நம்ம 'சொல்' மாதிரியே கன்னடத்து 'ஹேளு'வும் எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துவிடுகிறது. வெளிநாட்டு கிளையன்ட்டோடு போனில் பேசும்போதுதான் உறுத்தும்.

படி 1: வினைக்கு அடுத்த வார்த்தையைப் பாருங்கள். கேட்பவர் (மீ, ஹிம், ரவி) நேராக அங்கே நின்றால் 'டெல்'. இல்லையென்றால் 'ஸே'. ஆகவே "ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம்" அல்லது "ஹி ஸெட் தட் ஹி வுட் கம்". போர்டு, மெயில், நோட்டீஸ் சொல்வதற்கும் 'ஸே'தான்: "த போர்ட் ஸேஸ் நோ பார்க்கிங்". விதிவிலக்காக ட்ரூத், லை, ஸ்டோரி, ஜோக் போன்ற சில சொற்கள் ஆள் இல்லாமலே 'டெல்'லோடு வரும். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

படி 2: 'என்னிடம்', 'எனக்கு' என்று உருபு சேர்த்தே பழகியதால் "டோல்ட் டு மீ" தானாக வந்து விழும். அந்த 'டு'வை வெட்டுங்கள். 'ஸெட்'டுக்குப் பின் ஆள் வந்தால் மட்டும் கட்டாயம்: "ஸெட் டு மீ". 'எக்ஸ்ப்ளெய்ன்' இந்தக் கட்சிதான். "எக்ஸ்ப்ளெய்ன் மீ" தப்பு, "எக்ஸ்ப்ளெய்ன் டு மீ" சரி.

படி 3: இலக்கணம் சரியாக இருந்தும் வம்பில் மாட்டுவது இங்கேதான். 'செய்யச் சொன்னேன்' என்பதில் கட்டளையும் அடங்கும், வேண்டுகோளும் அடங்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். "ஐ டோல்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் மை லீவ்" என்றால் மேனேஜருக்கே உத்தரவு போட்டதாக அர்த்தம். "ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் இட்" என்று எழுதுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் வீட்டு ஓனர் விஷயத்தில் 'ஆஸ்க்ட்' பலிக்காதபோது 'டோல்ட்' தாராளமாகப் போடலாம்.

படி 4: 'கேள்'. தகவல் கேட்டால் வெறும் 'ஆஸ்க்': "ஆஸ்க்ட் த பிரைஸ்". பொருளோ லீவோ வேண்டுமென்று கேட்டால் 'ஃபார்' சேரும்: "ஆஸ்க்ட் ஃபார் லீவ்".

பயிற்சிக்கு, நீங்கள் அனுப்பிய மெயில்களில் 'டோல்ட்' என்று தேடுங்கள். அடுத்து ஆள் இருக்கிறாரா, நடுவில் 'டு' புகுந்திருக்கிறதா, மேலதிகாரிக்கு உத்தரவு போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே 'டிஸ்கஸ் அபௌட்' கண்ணில் பட்டால் 'அபௌட்'டை எடுத்துவிடுங்கள். 'பற்றி' ஏற்கெனவே 'டிஸ்கஸ்'ஸுக்குள் இருக்கிறது.