கணினி ஸ்பீக்கரிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசை மேல் இருக்கும் 2.1 செட்டை (இரண்டு சின்ன ஸ்பீக்கரும் பாஸுக்கான சப்வூஃபர் பெட்டியும்) எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஒரு ஜோடி ஸ்பீக்கர் என்று முதல் ஸ்டீரியோவைக் கட்ட நினைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் சறுக்குகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் போர்டு வாங்கி அசெம்பிள் செய்பவரானாலும், ஆன்லைனில் ஆர்டர் போடுபவரானாலும் அந்த வரிசை மாறுவதில்லை. இடது வலது மாற்றிச் செருகுவது, பின்னைச் சரியாக அழுத்தாமல் விடுவது எல்லாம் ஐந்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். காசைக் கரைத்துவிட்டு, காரணமும் தெரியாமல் மாதக்கணக்கில் தொடரும் தவறுகளை மட்டும் பார்ப்போம். பட்ஜெட் 15,000 ரூபாய்க்குள் என்று வைத்துக்கொள்ளலாம்.

## வாட் எண்ணைப் பார்த்து முதலில் ஆம்பை வாங்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். முதல் கேள்வியே “எத்தனை வாட் எடுக்கலாம்?” என்று வருகிறது. கணினி ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட் பி.எம்.பி.ஓ (நொடிப்பொழுது உச்ச வாட்) என்று படித்துப் பழகிய கண், ஆம்பிலும் பெரிய எண்ணைத்தான் தேடுகிறது. பி.எம்.பி.ஓவுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அதே பெட்டியின் முதுகில் 230 வோல்ட், 40 வாட் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை நம்புங்கள். சுவரிலிருந்து 40 வாட் இழுக்கும் பெட்டியால் அதற்கு மேல் தொடர்ந்து வெளியே தர முடியாது. ஆம்பில் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடியது), அதையும் எத்தனை ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்கு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (சத்தம் சிதையும் அளவு) என்று சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வழக்கமாக நடப்பது இப்படி. பதினைந்தாயிரத்தில் ஒன்பதாயிரம் “பெரிய வாட்” ஆம்புக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒரு ஜோடி கார் ஸ்பீக்கர், தெருமுனை ஆசாரி செய்துகொடுத்த பிளைவுட் பெட்டி. போட்டுக் கேட்டால் குரல் கரகரக்கிறது, தாழ்ந்த சுரங்கள் கொழகொழவென்று ஒட்டிக்கொள்கின்றன. பழி ஆம்ப் மேல் விழும். அதை விற்றுவிட்டு இன்னும் பெரிய ஆம்ப் வரும். ஸ்பீக்கர் மட்டும் அதே இடத்தில் இருக்கும், சத்தமும் அதே சத்தமாக இருக்கும். இந்த விலையில் ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு ஆம்புகளுக்கு நடுவே காதுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே அது மலைக்கும் மடுவுக்கும்.

அச்சிட்ட வாட் எப்படி ஏமாற்றுகிறது என்று கணக்காகவே பார்க்கலாம். மலிவான கிளாஸ் டி (சிக்னலை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் வகை) போர்டுகள் பலவற்றில் இருப்பது டி.பி.ஏ 3116 சிப். போர்டில் 50+50 என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் சுமையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் கிடைக்கும் எண். கடைக்காரர் கூடவே கொடுப்பதோ 12 வோல்ட் அடாப்டர். பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் கொடுத்து) ஓடும் இந்த மாதிரி ஆம்புக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு: சப்ளை வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஓமின் இருமடங்கால் வகுத்தால், சிதையாமல் கிடைக்கக்கூடிய உச்ச வாட் வந்துவிடும். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144ஐ 16ஆல் வகுக்க 9 வாட். பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட்டில் 22 வாட். 24 வோல்ட்டில் 36 வாட். ஒரே போர்டுதான், அடாப்டர் மாறியதும் நான்கு மடங்கு. ஆம்பியரையும் பாருங்கள்: 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரின் மொத்தக் கொள்ளளவே 24 வாட், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அதற்குள்தான் எல்லாம். 24 வோல்ட், 4 அல்லது 5 ஆம்பியர் என்றால் நிம்மதியாக ஓடும். இந்தச் சிப்புக்கு 26 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

டிரான்ஸ்பார்மர் போட்டு அசெம்பிள் செய்கிறவர்களுக்கும் இதே கதை. 5200/1943 டிரான்சிஸ்டர் போர்டில் 200 வாட் என்று அச்சிட்டிருக்கும். அதை 12-0-12 டிரான்ஸ்பார்மரில் கொடுத்தால் ரெக்டிபையர் (ஏ.சியை டி.சி ஆக்கும் பகுதி) தாண்டி ஒவ்வொரு பக்கமும் சுமார் 16 வோல்ட் நிற்கும்; 8 ஓமுக்குக் கிடைப்பது 12 வாட் அளவுதான். 24-0-24 போட்டால் 50 வாட்டை ஒட்டி வரும். வாட்டைத் தீர்மானிப்பது டிரான்ஸ்பார்மர். போர்டில் அச்சிட்டிருப்பது அந்த டிரான்சிஸ்டர்கள் தாங்கக்கூடிய எல்லை மட்டுமே.

சரி, உண்மையில் எத்தனை வாட் தேவை? ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு அது. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபல் குறையும்; இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கே 83 டெசிபல். எதிரில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம் இது. பக்கத்துக்கு 20 வாட் இருந்தால் தவில் அடி விழும் நொடியில் 96 டெசிபல் வரை சிதையாமல் போகும். படுக்கையறைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குத் தாவினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 83 டெசிபலுக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்குவது ஆம்பை நான்கு மடங்கு பெரிதாக்குவதற்குச் சமம். இதை ஏன் எந்தக் கடையிலும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். ஒரு எச்சரிக்கை: 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்து எழுதியிருந்தால் அது ஒரு வாட் இல்லை, இரண்டு வாட். 3 டெசிபல் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆகவே பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்பீக்கருக்கு. 5 அங்குல வூஃபரும் (தாழ்ந்த சுரங்களுக்கு) தனி ட்வீட்டரும் (உயர்ந்த சுரங்களுக்கு) உள்ள, உள்ளே ஒழுங்கான கிராஸ்ஓவர் (சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) வைத்த புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஜோடியை முதலில் முடிவு செய்யுங்கள். ஆம்பும் அடாப்டரும் மிச்சப் பணத்தில் அடங்கிவிடும். மேசையை விட்டு நகரவே போவதில்லை என்றால் தனி ஆம்பே வேண்டாம். உள்ளே ஆம்ப் வைத்த பவர்டு ஸ்பீக்கர் ஜோடிதான் இந்த விலையில் நல்ல முடிவு.

## 2.1 செட்டின் சின்ன ஸ்பீக்கர்களைப் புது ஆம்பில் மாட்டுவது

“இருக்கிறதை ஏன் வீணாக்க வேண்டும்?” என்று தொடங்கும். அந்தச் சின்ன டப்பாவில் இருப்பது 2.5 அல்லது 3 அங்குல ஒற்றை டிரைவர் (சத்தம் எழுப்பும் கூம்பு). தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டி எடுத்துவிடும் சர்க்யூட் சப்வூஃபர் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி நேராக ஆம்பில் மாட்டினால் முழுப் பாஸும் அந்தக் கூம்பின் தலையில் இறங்கும். முதலில் படபடப்பு, பிறகு கம்பிச்சுருள் (காயில்) கருகிய வாசனை.

## மைனஸ் கம்பிகளை ஒன்றாக முறுக்குவது

பழைய டிரான்சிஸ்டர் ஆம்புகளில் இரண்டு பக்கத்து மைனஸும் கிரவுண்டு. அந்தப் பழக்கத்தில் மூன்று கம்பி இழுத்து, மைனஸைப் பொதுவாக்கி வேலையை முடிப்பார்கள். பிரிட்ஜ் முறை கிளாஸ் டி ஆம்பில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்தாலோ, உலோகப் பெட்டியில் பட்டாலோ ஷார்ட். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் சத்தம் நின்றுபோகும். இல்லாவிட்டால் சிப் போகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி.

கூடவே, ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் ஸ்பீக்கர் ஓடும், பாஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கக் கலைந்து கிடக்கும். பலரும் “இந்த ஸ்பீக்கரில் பாஸே இல்லை” என்று திருப்பி அனுப்புவது இந்த நிலையில்தான். ஆம்பிலிருந்து கம்பியைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் வூஃபர் கூம்பு முன்னால் வர வேண்டும். இரண்டிலும் ஒரே திசை.

## தங்க முலாம் பூசிய ஸ்பீக்கர் கேபிள்

வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஐந்து மீட்டர் வரை தாராளம்.

## கணினியை போனோ சாக்கெட்டில் செருகுவது

அது இசைத்தட்டுக்கு. சி.டி, டேப் அல்லது ஆக்ஸ் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

## இரைச்சலுக்குப் பயந்து எர்த் பின்னை வெட்டுவது

லேப்டாப்பை 3.5 மி.மீ. ஜாக் வழியாக ஆம்பில் இணைத்ததும் “ங்” என்ற ஹம், மவுஸை நகர்த்தினால் கீச்சுச் சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்டு லூப் (இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம்), ஆம்பில் குறையில்லை. முதலில் கணினி, ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். போகவில்லை என்றால் ஆடியோ கம்பிக்கு நடுவில் கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் போடலாம். உள்ளே சின்ன டிரான்ஸ்பார்மர்கள்தான் இருக்கும், மிக மலிவானதில் பாஸ் கொஞ்சம் குறையும். கணினியில் ஆப்டிகல் அவுட்புட்டும் ஆம்பில் அதற்கான இன்புட்டும் இருந்தால் அதுவே சுத்தமான வழி, ஒளிக்கம்பியில் மின்சாரம் போகாது. யு.எஸ்.பி டாக் (டி.ஏ.சி, டிஜிட்டலை ஆடியோவாக மாற்றும் கருவி) வாங்கினால் மவுஸ் கீச்சு குறையலாம், ஆனால் அதன் கிரவுண்டும் கணினியோடு சேர்ந்ததுதான் என்பதால் ஹம் அப்படியே நிற்கக்கூடும். எர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும். அதோடு உங்கள் உயிருக்கு இருந்த பாதுகாப்பும் போகும். எந்த நிலையிலும் அதைச் செய்யாதீர்கள்.

## பாஸ் குமிழை முழுக்கத் திருப்புவது

2.1 செட்டின் சின்ன சப்வூஃபர் தாழ்ந்த சுரங்கள் அனைத்தையும் ஒரே “தும்”மாக மாற்றித் தரும். ஸ்டீரியோவுக்கு வந்ததும் அந்தத் தும் இல்லாதது குறையாகத் தோன்றும். பாஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டும். 20 வாட் ஆம்ப் அங்கேயே கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்). கிளிப் ஆகும்போது ட்வீட்டருக்குப் போகும் சராசரி வாட் ஏறி, முதலில் சாவது ட்வீட்டர். குமிழை நடுவில் வைத்து, 1980களின் திரைப்பாடல்களில் பாஸ் கிடார் ஏறி இறங்கும் நடையைச் சில நாள் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டால் ஸ்பீக்கர் சரியாகத்தான் இருக்கிறது. அப்போதும் கீழே போதவில்லை என்றால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி தூரம் வரை தள்ளிப் பாருங்கள். சப்வூஃபர் அதற்குப் பிறகு.

## அலமாரிக்குள் திணிப்பது

பின்னால் காற்றுத் துளை உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து குறைந்தது அரை அடி விடுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள இடைவெளியும், அவற்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் குரல் நடுவில் வந்து நிற்கும். மேசை மேல் என்றால் அடியில் ஒரு ஆப்பு வைத்து முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பும் சத்தம் குரலைக் கலக்குவது குறையும்.

## பழைய ஆம்ப், பழைய ஸ்பீக்கர்

இந்தப் பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்ட் நல்ல வழிதான், மூன்று விஷயங்களைப் பார்த்தால். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று கேளுங்கள். ஃபோம் நம் ஊர் வெக்கையில் பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் நீடிக்கும். கூம்பை இரண்டு கட்டைவிரலால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசல் சத்தம் வந்தால் கம்பிச்சுருள் அடிபட்டிருக்கிறது. ஆம்பை ஆன் செய்து, எதையும் மாட்டாமல், ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை டி.சி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50க்குள் இருந்தால் சரி. 100ஐத் தாண்டினால் சர்வீஸ் செய்யாமல் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. ஜப்பானிலிருந்து வந்த செட் என்றால் முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை நேராக 230 வோல்ட்டில் செருகினால் அன்றே முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.