ரெண்டு மணி நேரம்தானே என்று கோவைக்குப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கோபி, சத்தி, காங்கேயம், தாராபுரம் பக்கத்திலிருந்து நாற்பது வயதுக்கு மேல் முதுகலை படிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ கோவைக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது அங்கங்கே தென்படுகிறார்கள். பிள்ளை காலேஜில் சேர்ந்ததும் அம்மாவுக்குத் தானும் படிக்கலாமே என்று தோன்றுகிறது. வேலையை விட்ட ஒருவர், கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பைத் திரும்ப எடுக்கிறார். நல்ல விஷயம்தான். ஆனால் இவர்களில் பலரைச் சறுக்க வைப்பது கோவை பக்கத்தில் இருப்பதுதான். டெல்லிக்குப் போனவரை ஊரை விட்டுப் போனவராக எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கோவைக்குப் போனவர் போனதாகவே யாருக்கும் தோன்றாது, சில சமயம் அவருக்கே தோன்றாது.

தினமும் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவதில் இது ஆரம்பிக்கிறது. காந்திபுரம் வரை இரண்டு மணி நேரம், சரி. அதற்கப்புறம்? பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலை ரோட்டில், நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பீளமேட்டுக் கல்லூரிகள் அவிநாசி ரோட்டில், எதிர்ப்பக்கம். பொள்ளாச்சி பஸ் உக்கடத்தோடு நின்றுவிடும், மேட்டுப்பாளையம் பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் காசு மிச்சமாகும், இடுப்பு மிச்சமாகாது.

"சிங்காநல்லூர்ல தம்பி ஊடு இருக்குதே, அங்கேயே இருந்துக்கலாம்" என்பது அடுத்தது. ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போனால் ஒரு வாரம் கறிச்சோறு கிடைக்கும். இரண்டாவது மாதம், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற காரில் உங்களையும் ஏற்றிக்கொள்வார்கள். நாளைக்குச் செமினார் இருக்கிறது என்று சொல்ல வாய் வராது. தனி அறை எடுங்கள், அதுவும் வகுப்புக்குப் பக்கத்தில். தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்.

வீட்டு ஓனர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேமிலி எப்பங்க வருவாங்க?" வரமாட்டார்கள், படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அட்வான்ஸை வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டுக் காலி பண்ணும்போது மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடாத வரை, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பெண்கள் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், அதற்கு 2014லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். லைப்ரரியிலிருந்து வருகிற நாற்பத்தைந்து வயதுக்காரர் வார்டன் முன்னால் கைகட்டி நிற்பது இரண்டு பேருக்குமே சங்கடம்.

இனி சான்றிதழ்கள். அட்மிஷன் மேஜையில் அதிகம் பேர் திணறுவது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவரின் இனிஷியல். சிலருக்குப் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரே முழுதாக ஒட்டியிருக்கும். இருபது வருஷமாக ரேஷன் கடையிலோ பேங்கிலோ அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இங்கே கேட்பார்கள். பட்டச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழின் பெயரில்தான் வரும் என்பதால், ஆதாரை அதற்கு ஒத்து மாற்றுவதே சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளுக்கு இரண்டே வாய்ப்பு. ஏற்கெனவே ஒன்று போயிருந்தால் நிதானமாக எழுத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டுமா, நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழி போதுமா என்பது சேரும் இடத்தைப் பொறுத்தது, அதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

படிப்பு விட்டுப்போன வருஷங்களுக்கும் ஓர் உறுதிமொழி கேட்கலாம். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தால் அங்கிருந்து மைக்ரேஷன் சர்டிபிகேட், அதாவது இடமாற்றச் சான்றிதழ் வேண்டும். நாமக்கல், சேலம் பக்கத்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரியார் பல்கலைக்கழகம் வந்ததே 1997ல்தான். அதற்கு முன் அங்கே படித்து முடித்தவர்களின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது, ஆகவே அலைய வேண்டியது சேப்பாக்கத்துக்கு. டிகிரி சர்டிபிகேட்டையே வாங்காமல் புரவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழை வைத்தே காலம் தள்ளியவர்கள் அதையும் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். டி.சி. அசலைக் கொடுப்பதற்கு முன் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள்.

உதவித்தொகை வந்துவிடும் என்று நம்பி வேலையை விடுவது பெரிய தப்பு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது இல்லை. அதே தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது என்பதால் எழுதுவது வீண் இல்லை. பி.எச்டி. என்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6, பெண்களுக்கு மேலும் 2 வருஷம் கொடுக்க விதி இடம் தருகிறது. அத்தனை வருஷத்துக்கும் வாடகையும் சாப்பாடும் எந்தக் கையிலிருந்து வரும் என்று கிளம்பும் முன்னால் நோட்டில் எழுதிப் பாருங்கள். தேங்காய் விலையை நம்பி எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் விட ஆளைச் சாய்ப்பது வருகைப் பதிவு. ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள், வேண்டியது 75 சதவீதம். இருபத்திரண்டு நாள் விடலாம் என்றதும் தாராளமாகத் தெரியும். தை, மாசி முகூர்த்தங்கள் நாலு, அதற்கு முந்தின நாள் சீர், ஓர் எழவு, காது குத்து, அத்தைக்கு ஆஸ்பத்திரி. அப்புறம் பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் (தீமிதி), ஈரோட்டு மாரியம்மன் நோம்பி (திருவிழா), கூடவே உள்ளூர் நோம்பியும். எல்லாம் செமஸ்டர் முடிகிற நேரம் பார்த்துத்தான் வரும். "கோயமுத்தூர்தானுங்க அம்மிணி, பஸ் ஏறுனா வந்தரலாம்" என்பார்கள். எதற்குப் போவது, எதற்கு வீட்டில் வேறு ஆளை அனுப்புவது என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து வீட்டில் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் ஒரே தடவையில் முடியும். ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் வருஷம் முழுக்க மனத்தாங்கல்தான்.

வகுப்பில் எல்லோருக்கும் நீங்கள் அக்கா, அல்லது அண்ணா. பொங்கி வடித்துப் போடுகிற வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாடம் எடுப்பவர் பத்து வயது இளையவராக இருக்கலாம், வாய் தவறிக் "கண்ணு" என்று கூப்பிட்டுவிடக் கூடாது. கட்டுரையில் அடிக்குறிப்பு போடுவது, பார்த்து எழுதியதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு அனுப்புவது எல்லாம் பக்கத்துப் பெஞ்சுப் பையன் பத்து நிமிஷத்தில் சொல்லித் தருவான். தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு அறைக்குப் போய் விழிக்க வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படம் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தேர்வு ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அதற்கடியில்தான் புதைந்துபோகும்.