புத்தகக் கடையில் ஜாஸ் கேட்கப் போகிறீர்களா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சின்னப் புத்தகக் கடைகள் சில, மாலையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஜாஸ் இசையும் கவிதை வாசிப்பும் நடத்துகின்றன. அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், ஏனென்றால் எங்கே உட்காருகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் வரிசைக்கு ஓட வேண்டாம். சின்ன அறையில் டிரம்ஸுக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் சிம்பல் தட்டுகளின் சத்தம் காதை அடைக்கும், டபுள் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தின் ஓசை அமுங்கிப் போகும். இரண்டாம், மூன்றாம் வரிசையில், முதுகுக்குப் பின்னால் நிறைந்த புத்தக அலமாரி இருக்கிற மாதிரி இடம் பிடியுங்கள். புத்தகங்கள் எதிரொலியைக் குடித்துவிடும். டிரம்ஸை பிரஷ்ஷால் வருடும் ஓசைகூட அங்கே தெளிவாகக் கேட்கும்.

இசைக் கலைஞர் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டலாம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவோமே, அதே வழக்கம்தான். கவிதைக்கு மட்டும் முடியும்வரை பொறுங்கள்.

யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிற திறந்த மேடை இருந்தால் தயங்காமல் தமிழ்க் கவிதையே வாசியுங்கள். முதலில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரியில் பொருளைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் எல்லாரும் காது கொடுப்பார்கள். அந்த அறையில் நம் மொழியும் ஒலிக்க வேண்டும்.

இடைவேளையில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். நுழைவு இலவசம் என்றால் கடைக்கு வருமானமே அதுதான். பினாங்குக்குப் போகிறவர்கள் நவம்பரைக் குறித்துவையுங்கள்: 2011இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் இலக்கிய விழா பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். கோலாலம்பூரில் என்றால், எல்ஆர்டியின் கடைசி ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.