பிரைமவேராவில் காணாமல் போன ப்ராஜெக்டை மீட்பது எப்படி?

நேற்று வரை இருந்த ப்ராஜெக்ட் இன்று காலை பட்டியலில் இல்லை. கிண்டியிலோ ஓஎம்ஆரிலோ ஒரு கட்டுமான நிறுவனத்தின் பிளானிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வயிற்றைக் கலக்க இது ஒன்று போதும். ப்ராஜெக்டின் கால அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேரா பி6-இல் ப்ராஜெக்ட் என்பது எக்செல் மாதிரி தனிக் கோப்பு அல்ல. ஆக்டிவிட்டிகள் ஒரு டேபிளில், அவற்றின் முன்பின் தொடர்புகள் இன்னொன்றில், ரிசோர்ஸ் வேறொன்றில் எனச் சர்வர் டேட்டாபேஸில் பிரிந்து கிடக்கும். ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

முதலில், நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். ஃபைல் மெனுவில் ‘செலக்ட் ப்ராஜெக்ட் போர்ட்ஃபோலியோ’ இருக்கிறது. போர்ட்ஃபோலியோ என்பது ப்ராஜெக்டுகளின் தொகுப்பு. அதில் வேறு போர்ட்ஃபோலியோ தேர்வாகியிருந்தால் மற்ற ப்ராஜெக்டுகள் கண்ணில் படாது. ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் யூசருக்கு அந்த ப்ராஜெக்டைப் பார்க்கும் உரிமை இன்னும் இருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள்.

அடுத்து, அனுப்பிய மெயில்கள். கிளையன்ட்டுக்கு மாதாந்திர அப்டேட்டுடன் எக்ஸ்இஆர் கோப்பு (பி6-இலிருந்து ப்ராஜெக்டை வெளியே எடுக்கும் கோப்பு) போயிருந்தால் அதை இம்போர்ட் செய்து, இடையில் விட்டுப்போன ப்ரோக்ரஸை மட்டும் ஏற்றிவிடலாம். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால்தான் பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மேல் பழைய பேக்கப்பை ஏற்றச் சொல்லாதீர்கள். உங்கள் ப்ராஜெக்ட் திரும்பி வரும், ஆனால் மற்றவர்கள் அதற்குப் பிறகு செய்த வேலையெல்லாம் போய்விடும். டேபிளுக்குள் புகுந்து டெலீட் குறியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு டேபிள் விட்டுப்போனாலும் ஷெட்யூல் அரைகுறையாகிவிடும், அதனால் வேண்டாம். பேக்கப்பை வேறு பெயரில் ஏற்றி, உங்களுடையதை மட்டும் எடுத்து வருவதே சரி.

உங்கள் டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வரில் இருந்தால், டிபிஏவை (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்) பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறங்கள். டேட்டாபேஸஸ் மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் டேட்டாபேஸ் கொடுங்கள். டிவைஸில் பேக்கப் கோப்பைக் காட்டி, டெஸ்டினேஷனில் புதுப் பெயர் கொடுங்கள். ஃபைல்ஸ் பக்கத்தில் கோப்புப் பெயர்களும் பாதையும் அசலுடன் மோதாமல் இருக்க வேண்டும். ஆப்ஷன்ஸ் பக்கத்தில்தான் ஆபத்து. ‘டெயில் லாக் பேக்கப்’ என்ற பெட்டியில் தானாகவே டிக் விழுந்திருக்கலாம். அதன் கீழே, மூல டேட்டாபேஸை ‘ரீஸ்டோரிங்’ நிலையில் விடவும் என்று இன்னொரு டிக். அப்படியே ஓகே அழுத்தினால் அசல் டேட்டாபேஸ் முடங்கி, அலுவலகம் முழுக்க பி6 நின்றுவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

பிறகு பி6 லாகின் திரையில் இந்த நகலுக்கு ஒரு புது டேட்டாபேஸ் இணைப்பைச் சேர்த்து உள்ளே போங்கள். இணைப்புக்கான பாஸ்வேர்டு அட்மினிடம் இருக்கும். ப்ராஜெக்டைத் திறந்து எக்ஸ்இஆராக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேமித்து வைத்த பழைய திட்டமான பேஸ்லைன், எக்ஸ்இஆரில் சேர்ந்து வராது. மெயின்டெய்ன் பேஸ்லைன்ஸில் ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் அது தனி ப்ராஜெக்டாக மாறும், அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அசல் டேட்டாபேஸில் நுழைந்து ‘கிரியேட் நியூ ப்ராஜெக்ட்’ தேர்வுடன் இம்போர்ட் செய்யுங்கள். காலண்டர், ரிசோர்ஸ் போன்ற பொதுவான விஷயங்களுக்கு ‘கீப் எக்ஸிஸ்டிங் டேட்டா’ கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய காலண்டர் மற்றவர்களின் ஷெட்யூலையும் இழுத்துப் போட்டுவிடும். ஷெட்யூலை மறுபடி கணக்கிடும் எஃப்9-ஐ அழுத்தும் முன் ஆக்டிவிட்டி எண்ணிக்கை, டேட்டா டேட் (எந்தத் தேதி வரை ப்ரோக்ரஸ் ஏற்றியது), முடியும் தேதி மூன்றையும் நகலுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்று ஐடி ஆட்களிடம் கேட்கும்போது, அது சர்வர் இருக்கும் அதே அறையில்தானா என்றும் கேட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலில் வெள்ளம் புகுந்த ஊர் இது.

எல்லாம் சரியாக இருந்தால் நகல் டேட்டாபேஸையும் லாகின் திரையில் சேர்த்த இணைப்பையும் அன்றே நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் யாராவது அதில் நுழைந்து ஒரு வாரத்து ப்ரோக்ரஸை ஏற்றி வைத்திருப்பார்கள்.