மெயினை அணைத்த பிறகும் ஓடும் கடிகாரம்: கம்ப்யூட்டரின் பட்டன் செல்லை நாமே மாற்றலாம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விடியற்காலையில் போன் செய்தார். "தம்பி, ரசீதில் 2012 ஜனவரி என்று அடிக்கிறது. சரக்கு எடுக்க வந்தவர் சிரிக்கிறார்." மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2013-இல்தான். ரசீது அதையும் முந்திக்கொண்டது.

"ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவீர்களா அண்ணே?"

"அணைக்காமல்? எலி வயரைக் கடித்து வைத்தால் யார் பொறுப்பு?"

பயம் நியாயமானது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் தேதியைக் காக்கும் பட்டன் செல் சீக்கிரம் தீர்ந்ததற்கும் அதுதான் காரணம்.

கம்ப்யூட்டரின் முக்கிய மின்சுற்றுப் பலகையான மதர்போர்டில் நேரம் காட்டுவதற்கென்றே ஒரு சிறு கடிகாரச் சுற்று இருக்கிறது. ப்ளக் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் உள்ளே வந்துகொண்டிருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். மெயினை அணைத்தால் அந்தச் சுமை பட்டன் செல்லின் தலையில் விழும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடு இல்லை. போடும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 1984-இன் ஏடி மாடலில் செல்லோடு கூடிய கடிகாரம் உள்ளேயே வந்துவிட்டது.

அந்தக் கடிகாரத்தின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? கால்குலேட்டரில் 32,768 போட்டு இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். பதினைந்தாவது தடவை மீதியில்லாமல் 1 வரும். சுற்றும் இதையேதான் செய்கிறது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. இதற்குச் சில மைக்ரோஆம்பியர் (மில்லியாம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும். செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லியாம்பியர்-மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் எடுப்பதாக வைத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகள்.

இனி வேலைக்கு வருவோம். இது மேசைக் கம்ப்யூட்டருக்கான முறை. மடிக்கணினிகள் பலவற்றில் செல் வயரோடு இணைந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் செல்தான் காரணமா என்று பாருங்கள். மெயினை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி ஏதோ பழைய வருடத்துக்குப் போனால் செல்தான். இணையதளங்களைத் திறந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வருவதும் இதனால்தான். சரியாக ஐந்தரை மணி நேரம் முன்பின்னாக இருந்தால் செல்லைக் குறை சொல்லாதீர்கள். அது நேர மண்டல அமைப்பின் கோளாறு. மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் பிசகுவது படிகத்தின் இயல்பு. அது 25 டிகிரியில்தான் ஒழுங்காக ஓடும். நம்மூர் மே மாத 40 டிகிரியில் நாளுக்கு அரை நொடிக்கும் மேல் பின்தங்கும்.

செல் வாங்கும்போது சிஆர் 2032 என்று கேளுங்கள். 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில்; 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடைக்காரர் 2025-ஐ நீட்டினால் வேண்டாம். அகலம் ஒன்றுதான், ஆனால் தடிமன் குறைவு, கவ்வியில் ஆடும்.

பிரிப்பதற்கு முன்பு, விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றினால் சில போர்டுகளில் அமைப்புகள் எல்லாம் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும். ஒருமுறை இந்தப் படங்கள் இல்லாமல் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வட்டு (ஹார்ட் டிஸ்க்) விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவி எண்ணையும் எழுதி வையுங்கள்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்து ப்ளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேபினெட்டின் வெற்று இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டில் இறங்கக் கூடாது. தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பெயிண்ட் பிரஷ் போதும்.

வெள்ளிக்காசு போல மின்னுவதுதான் செல். ஓரத்துக் கவ்வியை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் தானே எழும்பும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் போர்டில் கீறல் விழும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே வந்ததை நான் வைத்திருப்பதில்லை. அண்ணன் கடையில் இருந்தது 1.9. புதிய செல்லை, கூட்டல் குறி கண்ணுக்குத் தெரியும்படி, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூடியை மாட்டி, பயாஸில் தேதியையும் நேரத்தையும் போட்டு, மற்ற அமைப்புகளைப் படங்களோடு ஒப்பிட்டுச் சேமியுங்கள்.

கடைசியாகச் சோதனை. இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு (வைஃபை என்றால் மோடத்தை அணைத்துவிட்டு) மெயினையும் அணைத்து ஓர் இரவு விடுங்கள். இணைப்பு இருந்தால் விண்டோஸ் நேரத்தை வெளியிலிருந்து வாங்கிச் சரிசெய்துவிடும். செல் வேலை செய்கிறதா என்று தெரியாது. அண்ணன் கடையில் மறுநாள் மீண்டும் 2012 வந்தது. திறந்து பார்த்தால் செல்லுக்கு அடியில் இருக்கும் தகட்டு நாக்கு படிந்து கிடந்தது. பல்குத்தும் குச்சியால் அதைச் சற்று நிமிர்த்தி, செல்லை மறுபடி உட்கார வைத்தேன்.