வலையில் ஏறிய முட்டை நண்டை உயிரோடு திருப்பி விடுவது எப்படி?

துவக்கோடு மானுக்குக் குறி வைத்தவனுக்கு விசையை அழுத்த முன்னர் ஒரு கணம் கிடைக்கும். சினையா, குட்டியோடு நிற்கிறதா என்று பார்த்துத் துவக்கைத் தாழ்த்திக்கொள்ளலாம். வலை வைத்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வீட்டில் படுத்திருக்கும்போதே நண்டு மாட்டிவிடும். விடுவதா, வைப்பதா என்ற கேள்வி நண்டு கைக்கு வந்த பிறகுதான் எழும். அதற்குள் அது நைலோன் நூலில் பத்துச் சுற்றுச் சுற்றியிருக்கும்.

அதனால் நண்டு விஷயத்தில் "விட்டுவிடுதல்" என்பது நல்ல மனது மட்டும் போதாத வேலை. கைப்பழக்கம் வேண்டும். கால் முறிந்து, முட்டை உரிந்து, வெயிலில் அரை மணி கிடந்த நண்டைக் கடலில் எறிந்துவிட்டு "விட்டாச்சு" என்று சொல்வதில் பயனில்லை. யாழ்ப்பாணக் கடலேரியில் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் சிறு வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். நாம் பேசுவது நீலக்கால் நண்டைப் பற்றி மட்டும். சேற்று நண்டுக்கு வேறு கணக்கு.

முதலில் வள்ளத்தில் இருக்கவேண்டியவை

பழைய குடைக்கம்பி ஒன்றைச் சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். மறு நுனியில் துணி சுற்றினால் பிடி ஆயிற்று. நூலை நண்டின் முள்ளிலிருந்து தூக்கி எடுக்க இதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது. ஒரு சிறு கத்தரியைக் கயிற்றில் கட்டி வள்ளத்தின் பக்கப் பலகையில் தொங்க விடுங்கள். கட்டாமல் வைத்த கத்தரி மூன்றாம் நாள் கடலுக்குள் போய்விடும்.

அளவுக்கட்டை நீங்களே செய்யலாம். பனை மட்டைத் துண்டு ஒன்றின் ஓரத்தில் சரியாக 11 செ.மீ அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். நண்டின் முதுகுக் கோதில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முள்கள் இரண்டும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கினால் அது சின்ன நண்டு. அளப்பது முள் நுனியிலிருந்து முள் நுனிவரை. முள்ளை விட்டுவிட்டுக் கோதை மட்டும் அளப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அளந்தால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இவற்றோடு நனைத்த சணல் சாக்கு இரண்டு, தலையில் கட்டும் ரோச் லைட் ஒன்று, உள்ளங்கையில் றப்பர் பூசிய மெல்லிய துணிக் கையுறை. தடித்த தோல் கையுறை வேண்டாம். விரலுக்குத் தொடு உணர்வு இல்லாமல் போய், நண்டின் காலைத்தான் முதலில் முறிப்பீர்கள்.

படி 1: வலை வைக்க முன்னரே பாதி முடிவு

வலையின் கண் நாலரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஈர வலையை இழுத்துப் பிடித்து, எதிர் எதிர் முடிச்சுகளுக்கு இடையில் அளக்க வேண்டும். இதைவிடச் சின்னக் கண் என்றால் குஞ்சு நண்டுதான் நிறைய ஏறும். அதைக் கழற்றுகிற நேரத்தில் நல்ல நண்டு செத்துக் கிடக்கும். தங்கூசி வலையை, அதாவது ஒற்றை இழை நைலோன் வலையை, நினைக்கவே வேண்டாம். அதற்கு 2006 முதல் தடை இருக்கிறது. மெல்லிய தங்கூசி நண்டின் கால் மூட்டில் வெட்டிக்கொண்டு இறங்கும் என்பது இன்னொரு காரணம்.

இடம். முழங்கால், இடுப்பளவு தண்ணீரில் சாதாளை என்னும் கடற்புல் அடர்ந்து வளர்ந்த இடம் நண்டுக் குஞ்சுகளின் தொட்டில். அங்கே வலை இறக்கினால் சாதாளையும் குஞ்சும்தான் வரும். கடலேரிக்குள் ஆழமாக ஓடும் நீர்வழியான ஓடைப் பக்கம், மணல் கலந்த அடி உள்ள ஆழமான இடம் பார்த்து வையுங்கள்.

நேரம் பெரிய விஷயம். மாலையில் வைத்த வலையை விடிய வெள்ளென எடுத்துவிட வேண்டும். "இன்றைக்குக் காற்றுக் கூட, நாளைக்குச் சேர்த்து எடுப்போம்" என்று இரண்டு இரவு போட்டால் மாட்டிய நண்டு உதறி உதறி இன்னும் இறுக்கிக்கொள்ளும். மற்ற நண்டும் மீனும் வந்து அதைக் கடிக்கும். அப்படி வந்த நண்டில் விடுவதற்கும் ஒன்றும் இராது, விற்பதற்கும் ஒன்றும் இராது. சோளகக் காற்றுப் பலமாக அடிக்கும் நாளில் மறுநாள் எடுக்கமுடியுமா என்று சந்தேகம் வந்தால் வலையை வைக்காமல் விடுங்கள். மான் வேட்டைக்காரன் துவக்கைத் தாழ்த்துவதற்குச் சரியான நம்முடைய கணம் இதுதான்.

படி 2: வயிற்றைப் படியுங்கள்

நண்டு வள்ளத்துக்குள் வந்ததும் முதுகைப் பார்த்து மயங்காமல் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். நீல நிறமும் நீண்ட கையும் உள்ளது ஆண். மண் நிறம், பச்சை கலந்த கபில நிறம் பெண். ஆனால் விடிகாலை வெளிச்சத்தில் நிறத்தை நம்பக்கூடாது. வயிற்று மடல் பொய் சொல்லாது.

ஆணின் மடல் ஒடுங்கிக் கூராக இருக்கும். பெண்ணில் இரண்டு வகை. மடல் முக்கோணமாக, உடம்போடு ஒட்டிக் கிடந்தால் அது இன்னும் வயதுக்கு வராத பெண். அகன்று, வளைந்து, அரைவட்டம் போல இருந்தால் முதிர்ந்த பெண். அளவுக்கட்டையை விட இது நம்பிக்கையான அடையாளம். சில பெண் நண்டுகள் 11 செ.மீ வரமுன்னரே முதிர்ந்துவிடும், சில பிந்தும். முக்கோண மடல் கண்டால் கட்டையே தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

முட்டை நண்டை யாரும் தவறவிட மாட்டார்கள். மடல் மூட முடியாமல் பிதுங்கி, அடியில் பஞ்சுத் திரள் போல முட்டை ஒட்டியிருக்கும். இந்தத் திரளின் நிறம் ஒரு நாட்காட்டி. புதிதாக இட்ட முட்டை மஞ்சள், செம்மஞ்சள். உள்ளே குஞ்சின் கண் வளர வளரக் கபிலமாகும். பொரிக்கும் தறுவாயில் சாம்பல் கலந்த கறுப்பு. நம் கடலின் சூட்டில் மஞ்சளிலிருந்து கறுப்புக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு கிழமை, பத்து நாள். கறுப்பு முட்டை நண்டைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஓரிரு நாளில் பல இலட்சம் குஞ்சு வெளியேற இருக்கிறது. பெரிய பெண் ஒன்று ஒரு தடவையில் பத்து இலட்சத்தையும் தாண்டி முட்டையிடும்.

இன்னுமொன்று. கோது கழற்றி உடம்பு மென்மையாக இருக்கும் நேரத்தில்தான் பெண் நண்டு இணை சேரும். அப்போது வாங்கிய விந்தை உடம்புக்குள் சேமித்து, அதை வைத்தே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டையிடும். இன்று நீங்கள் விட்ட முட்டை நண்டு பொரித்த பிறகு திரும்பவும் ஆண் தேடாமலே அடுத்த திரளை இடலாம். ஒரு நண்டுக்கு ஒரு முட்டைத் திரள் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, கோது இளகிய நண்டு. வயிற்றுப் பக்கத்தில், கால்கள் தொடங்கும் இடத்துக்குக் கிட்டப் பெருவிரலால் மெல்ல அமுக்குங்கள். உள்ளே போய் வந்தால் அது புதிதாகக் கோது மாற்றியது. உள்ளே சதையை விடத் தண்ணீர்தான் கூட. நிலவு காலத்து நண்டு சப்பை என்பது ஊரில் பழைய பேச்சு. வானத்தைப் பார்ப்பதை விடக் கோதை அமுக்கிப் பார்ப்பது உறுதி.

ஆக விடவேண்டியவை: முட்டை நண்டு, முக்கோண மடல் பெண், பள்ளத்துக்குள் அடங்கும் ஆண், கோது இளகியது. சந்தேகம் வந்தாலும் விடுவதுதான் சரி.

படி 3: கழற்றும் ஒழுங்கு

பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இது. புதியவர் கடிக்குப் பயந்து முதலில் நண்டின் கவ்வும் கையை விடுவிப்பார். விடுபட்ட கை உடனே அவரின் விரலைப் பிடிக்கும், அவர் உதறுவார், நண்டின் கை கழன்று வரும். இரண்டு பேருக்கும் நட்டம்.

நண்டின் கை வலையில் சிக்கியிருக்கும்வரை உங்கள் விரல் பத்திரம். அதனால் கையைக் கடைசியாக விடுங்கள். நனைந்த சாக்கில் நண்டை மல்லாத்தி வையுங்கள். பின்பக்கத்துத் துடுப்புக் கால் இரண்டின் அடியில், பெருவிரல் கீழும் சுட்டுவிரல் மேலுமாகப் பிடியுங்கள். இந்த நண்டின் கை நீளம். நடு உடம்பில் பிடித்தால் எட்டிக் கடிக்கும்.

முதலில் நடக்கும் கால்கள். நூலை இழுக்காமல், காலை நூலுக்குள்ளால் அது வந்த வழியே திருப்பித் தள்ளுங்கள். அடுத்து பக்க முள்கள்: குடைக்கம்பியால் நூலைத் தூக்கி, முள்ளின் நுனியைத் தாண்டி முன்பக்கமாக எடுங்கள். முள் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பின்னுக்கு இழுத்தால் இன்னும் இறுகும். கடைசியில் கைகள். நூலைக் கவ்விக்கொண்டிருந்தால் விரித்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். வலையோடு தண்ணீருக்குள் தாழ்த்துங்கள், சற்று நேரத்தில் தானாக விடும். உங்கள் விரலைக் கவ்வினாலும் இதே மருந்துதான்.

ஒரு நண்டோடு அரை நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் கத்தரியை எடுங்கள். மூன்று கண் வெட்டினால் மாலையில் பொத்த ஐந்து நிமிடம். முட்டை நண்டாயின் யோசிக்காமல் முதலிலேயே வெட்டலாம். மடலுக்கும் முட்டைக்கும் நடுவில் ஓடும் நூலை இழுத்து எடுக்கவே கூடாது. முட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய மயிர்கள் கொத்தாகப் பிடுங்கி வரும். இரு பக்கமும் வெட்டிவிட்டு நடுத்துண்டை அப்படியே விடுங்கள்.

நண்டு தானாக ஒரு காலை உதிர்த்தால் பயப்படவேண்டாம். அடிமூட்டில் கழன்றால் காயம் தானாக மூடும், அடுத்தடுத்துக் கோது மாற்றும்போது கால் திரும்ப முளைக்கும். நடுவில் நீங்கள் முறித்த கால்தான் ஆபத்து. அங்கே மூடும் ஏற்பாடு இல்லை, நீர் போன்ற அதன் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும்.

படி 4: விடும் இடம்

வலையை இழுத்து இழுத்து வள்ளம் முன்னே போகிறது. முன்னால் இருக்கும் வலை இன்னும் தண்ணீருக்குள். அந்தப் பக்கம் விட்ட நண்டு பத்து நிமிடத்தில் திரும்ப உங்கள் கைக்கே வரும். எடுத்து முடிந்த பக்கம், வள்ளத்தின் பின்னால் விடுங்கள். பக்கத்து வலைக்காரரின் மிதவை அங்கே தெரிந்தால் இன்னும் சற்றுத் தள்ளி.

முட்டை நண்டு உப்புக் கூடின, திறந்த கடலை நோக்கிப் போகிறது. அதன் குஞ்சுக்கு அந்தத் தண்ணீர்தான் ஒத்துவரும். மாரி மழையில் கடலேரியின் உள்மூலைகளில் உப்புக் குறைந்துவிடும். அந்த நாட்களில் அதை உட்பக்கம் விடாமல், முடிந்தவரை ஓடையில், ஆழத்தில், மணல் அடியில் விடுங்கள். கரைக்குக் கொண்டுவந்து சேற்றுத் தரவையில் விடுவது கருணை போலத் தெரியும். மத்தியானம் அந்தத் தண்ணீரில் காலை வைத்துப் பாருங்கள், ஏன் வேண்டாம் என்கிறோம் என்று விளங்கும்.

எறியக்கூடாது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, முதுகு மேலாகத் தாழ்த்தி, பிடியைத் தளர்த்துங்கள். துடுப்பை அடித்துக்கொண்டு சாய்வாக இறங்கினால் சரி. மல்லாந்து மிதந்தால் இன்னும் ஒரு நிமிடம் தண்ணீருக்குள் பிடித்திருங்கள்.

உடனே விட முடியாவிட்டால் நனைந்த சாக்கின் கீழ் நிழலில் வையுங்கள். ஒரு வாளி தண்ணீரில் பத்து நண்டைப் போடுவது சாக்கை விட மோசம். தண்ணீர் சூடாகி, மூச்சு முட்டிச் சாகும். உப்பில்லாத நல்ல தண்ணீரால் கழுவுவதும் கொலைதான்.

படி 5: கரையில் கேட்கும் பேச்சு

"சின்ன நண்டு கூழுக்கு நல்லது, ஏன் விட்டனீ?" என்று கேட்பார்கள். ஒடியல் கூழுக்கு நடுத்தர நண்டு இரண்டை உடைத்துப் போட்டால் சாறு அதைவிட நன்றாக இறங்கும்.

"சினை நண்டு ருசி" என்பது உண்மை. ஆனால் ருசியானது கோதுக்குள் இருக்கும் சிவந்த சினை. வெளியே ஒட்டியிருக்கும் முட்டைத் திரள் அல்ல. அது சட்டியில் மணல் போல நறநறக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதில்தான் குழப்பம். வெளி முட்டையைத் தூரிகையால் உரசி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. மடலைத் தூக்கிப் பாருங்கள்: உள்ளே மயிர்கள் கலைந்து, ஆங்காங்கே மணி மணியாக முட்டை மிஞ்சியிருந்தால் அது உரசிய நண்டு. வாங்குபவர் நீங்களாயின் அதை வேண்டாம் என்று சொல்லலாம். தாய்லாந்துக் கரையோரங்களில் முட்டை நண்டைப் பொரிக்கும்வரை தொட்டியில் வைத்திருக்கும் "நண்டு வங்கி" நடக்கிறது. காற்றுக் குழாய், சுத்தமான கடல்நீர், கூட்டாகப் பார்க்க ஆட்கள் எல்லாம் வேண்டும். தனியாள் வாளியில் செய்து பார்க்கவேண்டாம்.

படி 6: கணக்கு எழுதுங்கள்

வலை பொத்தும்போது ஒரு கொப்பியில் மூன்று எண் போதும்: எடுத்தது, விட்டது, விட்டதில் முட்டை நண்டு எத்தனை. பக்கத்தில் இடத்தின் பெயர். ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் பத்துக்கு நாலு முட்டை நண்டு வந்தால் நீங்கள் வலை வைத்திருப்பது அவை கடலுக்கு இறங்கும் பாதையில். அடுத்த இரண்டு கிழமைக்கு வலையை வேறு ஓடைக்கு மாற்றுங்கள். முக்கோண மடல்தான் கூட என்றால் இடம் ஆழம் போதாது. ஒரு பாகமாவது (ஆறடி) ஆழம் கூடின இடமாக வெளியே தள்ளி வைத்துப் பாருங்கள்.