மலையூரில் பழைய ஈய உருவங்களுக்கு டயோரமா அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால், அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில்கூடப் பூஞ்சை படர்ந்துவிடும். அப்படியோர் அடைமழைக்குப் பிறகு, சில்வர் ஓக் பலகையில் நானே செய்து, கண்ணாடி பொருத்தி, இறுக்க மூடி வைத்திருந்த காட்சிப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே நின்ற சிறிய ஈய உருவமான எலும்புக்கூட்டு வீரன் ஒருவனின் கேடயத்து விளிம்பிலும் கணுக்காலிலும் மாவு தூவினாற்போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தபோது வண்ணத்தோடு உலோகமும் உதிர்ந்து, விளிம்பில் ஊசிமுனை அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பது தெரிந்தது.

டயோரமா, அதாவது சிறு உருவங்களை நிலக்காட்சியோடு நிறுத்தும் காட்சி, அமைப்பதில் நேரும் தவறுகளுள் ஈய உருவத்தை மரப்பெட்டிக்குள் இறுக்க மூடி வைப்பதே பெரியது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1970களிலும் 80களிலும் சிட்டாடல், ரால் பார்த்தா, கிரெனடியர் போன்ற நிறுவனங்கள் வார்த்த மாயக்கதை உருவங்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. ரால் பார்த்தா 1993இலும் சிட்டாடல் 1997இலும் ஈயமில்லாக் கலவைக்கு மாறின. பலகை, ப்ளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் ஆகியவற்றிலிருந்து அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே புளிப்பு, கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்து, ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் கூடி, ஈயத்தை வெள்ளைப் பொடியாக மாற்றிவிடுகிறது. பழங்காலத்தில் ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் வைத்துத்தான் வெள்ளை ஈயம் என்னும் சாயப்பொருளைத் தயாரித்தார்கள். நாம் ஆசையாகச் செய்யும் மரப்பெட்டிக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. வெள்ளைப் பசையும், வினிகர் வாடை வீசும் வகை சிலிக்கோனும் இதே ஆவியை விடுபவை என்பதால், பெட்டியின் மூலைகளைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டு அன்றே உருவங்களை உள்ளே வைப்பது, ஈயத்தைக் கெடுக்க அமிலத்தையும் கூடவே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

ஆகவே, ஈய உருவங்களுக்கு அக்ரிலிக் அல்லது கண்ணாடியும் உலோகச் சட்டமும் கொண்ட பெட்டியே ஏற்றது. உள்ளே சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு சிறிய ஈரப்பதமானியையும் வைத்து, அளவு 50 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரப்பெட்டிதான் இருக்கிறது என்றால், அதை இறுக்க மூடாமல் காற்று வந்துபோகத் துளைகள் விடுவது நல்லது. வண்ணம் பூசுபவர்கள் உருவத்தின் அடிப்பாகத்தை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. பிரைமர் என்னும் அடிப்பூச்சு படாத அந்த வெற்று உலோகத்தில்தான் பொடி முதலில் தோன்றும். பொடி கண்டுவிட்டால் ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது. அது நஞ்சு. கையுறை அணிந்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பாதிக்கப்பட்ட உருவத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், பொடி இல்லாத ஈய உருவத்தைக்கூட அவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பது கட்டாயம்.

அடுத்தது, உருவத்தைத் தரையோடு நிரந்தரமாக ஒட்டிவிடுவது. காட்சியை நாளைக்குக் கலைத்துவிட்டு வேறொன்று கட்டலாம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய வார்ப்பு மறுபடி கிடைக்காது. காலடியில் நுண்துளை இட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகி, அந்தக் கம்பியைத் தரையிலுள்ள துளைக்குள் இறக்கினால், எப்போது வேண்டுமானாலும் உருவத்தை வெளியே எடுத்துப் பார்க்கலாம். தரையோடு இசைய வேண்டும் என்பதற்காக உருவத்தின் அடிப்பட்டையை அறுத்து எறிபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பல உருவங்களில் அந்தப் பட்டையில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டையை அறுக்காமல், அது முழுதும் அமிழும் அளவுக்குத் தரையில் குழி வெட்டிவிட்டாலே போதும்.

பழைய வண்ணத்தை நீக்க டெட்டாலில் ஊறவைப்பது இங்கே எளிதில் கைகூடும் வழி. ஆனால் ஊறிய உருவத்தை நேரே குழாய்த் தண்ணீரில் காட்டினால், கரைந்த வண்ணம் பிசின்போல இறுகி முகத்தின் நுணுக்கங்களை அடைத்துக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே தூரிகையால் தேய்த்து முழுதும் கழுவிய பிறகுதான் சோப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் உருவங்களைத் தின்னரில் போட்டால் அவை உருகிவிடும்.

காட்சியைத் திட்டமிடுவதில் நேரும் பிழை, கொலு வைக்கும் வீடுகளில் நாம் பார்த்ததுதான். படிக்குக் கீழே பார்க் அமைக்கும்போது, முழங்கை உயரச் செட்டியாருக்குப் பக்கத்தில் விரல் உயரத்து வீட்டை வைத்துவிடுவார்கள். கொலுவில் அது அழகு. டயோரமாவில் அது கண்ணை உறுத்தும். பழைய உருவங்கள் 25 மில்லிமீட்டர் அளவைச் சேர்ந்தவை, இன்றையவை பலவும் 32 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டவை. இரண்டையும் தோளோடு தோள் நிறுத்தினால் பழைய வீரன் சிறுவனாகத் தெரிவான். சிறியவற்றைப் பின்னால் மேட்டில் நிறுத்தினால், அந்த வேறுபாடே தொலைவைக் காட்ட உதவும். கையிலுள்ள அத்தனை உருவங்களையும் ஒரே பலகையில் நிறைப்பதும் வேண்டாம். குன்றின் விளிம்பில் தனியே நிற்கும் மந்திரவாதி, கீழே சரிவில் அவனை அண்ணாந்து பார்க்கும் இரண்டு குள்ள வீரர்கள் என்றால் பார்ப்பவருக்குக் கதை உடனே புரிந்துவிடும்.

மலையில் இருப்பதால் இயற்கைப் பொருள்கள் தாராளமாகக் கிடைக்கும் என்று சோலைக்குள் போய்ப் பாசியைப் பெயர்த்து வருவது பெருந்தவறு. காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். கொண்டுவந்த பாசியும் சில வாரங்களில் பழுப்பேறி, பூஞ்சையையும் பூச்சிகளையும் பெட்டிக்குள் விட்டுவிடும். மாறாக, கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கைவிரல் நீளக் குச்சி ஒன்றை எடுத்துப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக முறுக்கேறி, வெண்சாம்பல் திட்டுகளோடு, நூறாண்டு மரத்தின் சாயல் அதில் அப்படியே இருக்கும். டீ வடிகட்டிய சக்கை அருமையான சருகுத் தரையாகும். ஆனால் அதை வாணலியில் ஈரம் முழுதும் போகும்வரை வறட்டாமல் ஒட்டினால் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். குச்சியும் மரம்தான் என்பதை மறவாமல், எல்லாப் பக்கமும் அக்ரிலிக் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும். வார்னிஷ் அமில ஆவியைக் குறைக்குமே தவிர, முழுதும் தடுத்துவிடாது.

காட்சியிலுள்ள ஓடையில் தண்ணீர்போலத் தெரிய ஊற்றும் எப்பாக்சி ரெசின் குளிரில் எளிதில் இறுகாது. ஊட்டியின் மார்கழி இரவில் ஊற்றினால் மறுநாளும் பிசுபிசுக்கும், ஈரக்காற்று பட்டால் மேற்பரப்பு மங்கும். எனவே வெதுவெதுப்பான அறையில், மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். ஸ்பிரே வார்னிஷுக்கும் இது பொருந்தும். மூடுபனி இறங்கும் மாலையில் வாசலில் நின்று அடித்தால் ஈரம் படலத்துக்குள் சிக்கி, பல வார உழைப்பு ஒரே நொடியில் வெளுத்துப்போகும். மாசி மாதத்தில், வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு, முற்பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வேலையை வைத்துக்கொண்டு, முதலில் ஓர் ஓட்டைச் சிரட்டையில் அடித்துப் பார்த்து, அது தெளிவாக உலர்ந்தால் மட்டுமே உருவங்களைக் கையில் எடுங்கள்.